பூச்சிகளுக்குப் புல்லும் ஆயுதம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வல்லவனுக்குச் சரி. வலிமை அற்றவனுக்கு? கூரிய பல் இல்லை, நகம் இல்லை, கொம்பு இல்லை, விரைந்து ஓடக் கால் இல்லை, பறந்து தப்பச் சிறகும் இன்னும் முளைக்கவில்லை. இரு விரலுக்கு இடையில் நசுங்கிப் போகக்கூடிய ஒரு புழுவுக்கு எது ஆயுதம்? இந்தக் கேள்வியை எங்கள் மனத்தில் எழுப்பியது பெரிய நூல் எதுவும் அன்று. எங்கள் விடுதிச் சமையலறையின் பின்புறம் நிற்கும் ஒரு சிறு கறிவேப்பிலைக் கன்று!

மழைக்காலம் தொடங்கிச் சில நாள்கள் ஆகியிருந்தன. கன்றின் இலைகள் நாளுக்கு நாள் குறைந்து வருவதைச் சமையலறைப் பொறுப்பில் உள்ள சிஸ்டர் கவனித்தார்கள். தோட்டக்காரத் தாத்தாவைக் கூப்பிட்டு, பூச்சி மருந்து அடிக்கச் சொன்னார்கள். அன்று மாலை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வகுப்பின் முறை. எங்களுள் ஒருத்தி, இலைமேல் கிடந்த குருவி எச்சத்தைக் குச்சியால் தட்டிவிடப் போனாள். எச்சம் நகர்ந்தது! அவள் போட்ட கூச்சலில் நாங்கள் எல்லாரும் ஓடினோம். உற்றுப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினொரு "எச்சங்கள்" இலையைத் தின்றுகொண்டிருந்தன.

எங்கள் அறிவியல் ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, சிஸ்டரிடம் எங்களுக்காகத் தவணை கேட்டார்கள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "ஒரு வாரம் தருகிறேன். அதற்குள் இந்தப் புழுக்களை நான் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று பிள்ளைகள் எனக்குச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் சனிக்கிழமை மருந்துதான்" என்றார்கள். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கண்டதும், கேட்டதும், நூலகத்தில் படித்ததுமே இக்கட்டுரை.

ஒளிந்து பிழைத்தல்

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகிய செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றைக் கறிவேப்பிலை அழகி என்றும், மற்றொன்றை எலுமிச்சை அழகி என்றும் தமிழில் அழைக்கின்றனர். தாய், இளந்தளிரில் ஒவ்வொரு முட்டையாக இட்டுச் செல்கிறது. மூன்று நான்கு நாள்களில் புழு வெளிவருகிறது. அது கறுப்பும் பழுப்புமாய், நடுவில் வெண்மை தீட்டியதுபோல், பளபளப்பாய்க் கிடக்கும். பார்ப்பதற்குப் பறவையின் எச்சமேதான். எந்தப் பறவையாவது தன் எச்சத்தைத் தானே தின்னுமா? பசித்து வரும் குருவி அதைப் பார்த்துவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடுகிறது. மறைந்துகொள்ளாமல், கண்ணெதிரே இருந்துகொண்டே ஒளிந்துகொள்வது என்பது இதுதான்!

ஆனால் எச்சம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும்? புழு நான்கு முறை தோல் உரித்து வளர்கிறது. விரல் நீளம் நெருங்கும்போது எச்சமாக நடிப்பது எடுபடாது. ஆகவே நான்காம் முறை தோல் உரித்ததும் அது தன் வேடத்தை மாற்றிக்கொள்கிறது. கறுப்புப் புழு பச்சைப் புழு ஆகிவிடுகிறது. இலையோடு இலையாக ஒட்டிக் கிடந்தால் நம் கண்ணுக்கே தெரிவதில்லை. காலையில் எண்ணிய புழுக்களை மாலையில் காணாமல் தேடியபோது, அவை எங்கள் கையருகிலேயே இருந்தன.

கூட்டுப்புழு ஆகும்போதும் இதே திறமைதான். பச்சைத் தண்டில் கட்டிய கூடு பெரும்பாலும் பச்சையாக இருக்கும். சுவரிலோ காய்ந்த குச்சியிலோ கட்டினால் பழுப்பாக இருக்கும். சுமார் பத்து நாள் அசையாமல் தொங்கவேண்டிய உயிருக்கு நிறம் ஒன்றுதானே துணை?

அச்சுறுத்திப் பிழைத்தல்

ஒளிந்திருந்தும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. கறிவேப்பிலை அழகியின் பச்சைப் புழுவுக்கு முன்பக்கம் பருத்து, அதில் இரு கண்கள் போன்ற பொட்டுகள் இருக்கும். அவை பொய்க் கண்கள். உண்மையான தலை அதற்குக் கீழே மறைந்திருக்கிறது. எங்களுள் ஒருத்தி ஒரு புல்லால் அதன் முதுகை மெல்லத் தொட்டாள். உடனே புழு நிமிர்ந்து, தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த செந்நிற உறுப்பு ஒன்றைச் சட்டென்று நீட்டியது. பாம்பு நாக்கை நீட்டியது போலவே இருந்தது! கூடவே ஒரு கெட்ட நாற்றம். ஊசிப்போன வெண்ணெயைப் போல. தொட்டவள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். ஐந்தரை அடி உயரமுள்ள பெண்ணை ஓர் அங்குலப் புழு ஓடவைத்துவிட்டது!

இந்த நாற்றம் வெறும் வேடிக்கை அன்று. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஐஸ்னரும் அவருடைய நண்பரும் இவ்வகையைச் சேர்ந்த ஒரு புழுவின் உறுப்பிலிருந்து வரும் நீரை ஆராய்ந்தனர். அதில் இரண்டு அமிலங்கள் இருப்பதையும், அவை எறும்புகளை விரட்டுவதையும் கண்டனர். ஆக, கண் பெரிதாகத் தெரிவது பறவைக்காக, நாற்றம் எறும்புக்காக. எதிரிக்கு ஏற்ற ஆயுதம்!

முருங்கை மரத்தில் மொய்க்கும் கம்பளிப்பூச்சியை யார்தான் அறியார்? உடலெங்கும் மயிர். பட்டால் தடித்து அரிக்கும். அது ஒளிவதே இல்லை. மரத்தண்டில் கூட்டம் கூட்டமாய்க் கிடந்து, "தொட்டுப் பார்" என்று சொல்வது போல் இருக்கிறது. ஒளிந்து வாழ்பவை தனித்திருப்பதும், ஆயுதம் உடையவை கூடியிருப்பதும் பூச்சிகளிடையே நாம் பல இடங்களில் காணும் வழக்கம்.

ஆடு தீண்டாத செடி

நம் முன்னோர் செடிகளுக்குப் பெயர் வைத்த நேர்த்தியை எண்ணி நாங்கள் வியந்தோம். வயல் வரப்பிலும் தரிசு நிலத்திலும் தரையோடு படர்ந்து கிடக்கும் ஒரு செடிக்கு ஆடுதீண்டாப்பாளை என்று பெயர். எதையும் மேயும் ஆடும் இதைத் தீண்டாது. காரணம், அதில் உள்ள கசப்பான நஞ்சு. அது மனிதரின் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது என்பதால், தோழியர் யாரும் கைவைத்தியம் என்று எண்ணி இச்செடியை உட்கொள்ளக் கூடாது.

ஆடு தீண்டாததை ஒரு பூச்சி தேடி வருகிறது. ரோஜா அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு இச்செடியையும் இதன் இனத்தைச் சேர்ந்த கொடிகளையும் மட்டுமே தின்று வளர்கிறது. நஞ்சு அதைக் கொல்வதில்லை. மாறாக, அது அந்நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. புழு கூடாகி, கூடு வண்ணத்துப்பூச்சி ஆன பிறகும் நஞ்சு உடலில் இருக்கிறது. ஒரு முறை கடித்த பறவை மறுமுறை கிட்டே வராது.

நஞ்சு இருந்தால் மட்டும் போதுமா? அது இருப்பது எதிரிக்குத் தெரிய வேண்டுமே! கொன்ற பிறகு பறவைக்குக் கசந்து என்ன பயன்? ஆகவேதான் ரோஜா அழகி கருஞ்சிறகில் சிவப்புப் பொட்டும் வெள்ளைத் திட்டும் சிவந்த உடலுமாய், அவசரமின்றி மெதுவாகப் பறக்கிறது. மருந்துக் கடையில் நஞ்சுப் புட்டியின்மேல் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டுவது போன்றது இது.

இந்த உண்மையை உலகுக்கு விளக்கிய கதையும் சுவையானது. ஒளிந்திருக்க வேண்டிய புழுக்களில் சில ஏன் இப்படி வண்ணம் தீட்டிக்கொண்டு திரிகின்றன என்று சார்லஸ் டார்வினுக்குப் புரியவில்லை. 1867-ஆம் ஆண்டில் அவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் அறிஞரைக் கேட்டார். பகட்டான நிறம் என்பது, "என்னைத் தின்னாதே" என்று எதிரிக்கு விடும் எச்சரிக்கை என்பது வாலஸின் விடை. பின்னர் பறவைகளுக்குப் பலவகைப் புழுக்களைக் கொடுத்துச் சோதித்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது.

எருக்கும் முட்டைக்கோசும்

நஞ்சு செடியிலிருந்துதான் வருகிறது என்பதற்கு என்ன சான்று? பூச்சி தானே உண்டாக்கிக்கொள்ளலாம் அல்லவா? இந்த ஐயம் எங்களுக்கும் எழுந்தது. இதற்கு விடை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் கிடைத்தது.

நம் ஊர் எருக்கஞ்செடியில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் புழு. அதன் நெருங்கிய உறவினம் வட அமெரிக்காவில் மொனார்க் என்று அழைக்கப்படுகிறது. அதன் புழு, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால் வடியும் செடிகளைத் தின்கிறது. அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. லிங்கன் பிரவர் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும், நீலநிறப் பறவை ஒன்றுக்கு இந்த வண்ணத்துப்பூச்சியைத் தின்னக் கொடுத்தனர். பறவை தின்றது, சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தது. அதன்பின் மொனார்க்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் நுட்பமான சோதனை. மொனார்க் புழுக்கள் சிலவற்றை முட்டைக்கோசு தின்று வளரும்படி செய்தனர். அவையும் அதே நிறம், அதே வரி உடைய வண்ணத்துப்பூச்சிகள் ஆயின. அவற்றைப் பறவைகள் தின்றன, ஒன்றும் ஆகவில்லை. 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆராய்ச்சி, ஆயுதம் பூச்சியினுடையது அன்று, செடியினுடையது என்பதை மெய்ப்பித்தது. "புல்லும் ஆயுதம்" என்ற பழமொழி சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது அல்லவா?

இரவல் ஆடை

இப்போது மீண்டும் எங்கள் கறிவேப்பிலைக் கன்றுக்கு வருவோம். கறிவேப்பிலையில் நஞ்சு ஏது? அது நம் ரசத்திலும் சாம்பாரிலும் மிதப்பது. எனவே கறிவேப்பிலை அழகிக்கு உடலில் நஞ்சு இல்லை. சிறகு முளைத்துவிட்டால் நாற்றம் வீசும் செந்நிற உறுப்பும் இல்லை. பிறகு எப்படிப் பிழைக்கிறது?

ஆண் பூச்சிக்குக் கருஞ்சிறகில் ஒரு வரிசை வெண்பொட்டுகள். பெண்களிலோ மூன்று வகை உண்டு. ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு வகை அப்படியே ரோஜா அழகியைப் போலச் சிவப்புப் பொட்டும் வெள்ளைத் திட்டும் அணிந்திருக்கும். மூன்றாவது வகை, ரோஜா அழகியின் உறவான மற்றொரு நஞ்சுள்ள பூச்சியைப் போல் இருக்கும். நஞ்சுள்ளவளின் ஆடையை நஞ்சில்லாதவள் இரவல் வாங்கி அணிந்துகொள்கிறாள்! ரோஜா அழகியைக் கடித்துப் பாடம் கற்ற பறவை, இவளையும் கண்டு விலகிப் போகிறது. உற்றுப் பார்த்தால் நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம். ரோஜா அழகிக்கு உடல் சிவப்பு. இரவல்காரிக்கு உடல் கறுப்பு.

இத்தகைய போலித் தோற்றத்தை முதலில் விளக்கியவர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் 1848 முதல் 1859 வரை தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் பூச்சிகளைச் சேகரித்தார். ஊர் திரும்பிய பின் 1862-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். கறிவேப்பிலை அழகியின் பல வகைப் பெண்களைப் பற்றி 1865-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் முன்பு நாம் கண்ட வாலஸ். இந்த ஆடை மாற்றத்தை ஆளுவது ஒரே ஒரு மரபணு என்று 2014-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

வெந்தய வரியனுக்கும் இப்படி ஓர் இரவல்காரி உண்டு. அந்தப் பெண்பூச்சியின் புழு தின்பது பருப்புக்கீரை! நாம் கடைந்து சோற்றில் பிசைந்து உண்ணும் கீரையைத் தின்று வளர்ந்துவிட்டு, எருக்கம்பால் குடித்தவளைப் போல் வேடம் போடுகிறது.

இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் எழுந்தது. "இது பொய் அல்லவா? தேர்வில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுவது போன்றதுதானே?" என்றாள் ஒருத்தி. ஆசிரியை சொன்ன விடை எங்கள் நெஞ்சில் நிற்கிறது. "பொய் என்பது உண்மையை அறிந்தவர் மறைப்பது. இந்தப் பூச்சி தன் சிறகைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லை. இந்த ஆடையைத் தைத்தது அதன் எதிரியாகிய பறவைதான். எண்ணற்ற தலைமுறைகளில், ரோஜா அழகியைச் சற்றே ஒத்திருந்தவை தப்பின, ஒவ்வாதவை இரையாயின. தப்பியவற்றின் பிள்ளைகளில் இன்னும் சற்று ஒத்திருந்தவை தப்பின. இப்படிப் பறவையின் பசியே ஊசியும் நூலுமாக இருந்து இந்த ஆடையைத் தைத்தது" என்றார்கள். படைப்பின் பேரறிவை இதைவிட எப்படிச் சொல்வது!

ஆனால் இரவல் ஆடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. உண்மையான நஞ்சுக்காரி அருகில் இருக்கும்வரைதான் அது செல்லும். அவள் இல்லாத இடத்தில் பறவைகள் பாடம் கற்பதில்லை. அங்கே சிவப்புப் பொட்டு வெறும் அலங்காரம். ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் ஆராய்ந்தபோது, ரோஜா அழகி மிகுந்த தீவுகளில் இரவல் ஆடைப் பெண்களும் மிகுந்திருப்பதைக் கண்டனர். ஆகவே கறிவேப்பிலை அழகியைக் காக்கக் கறிவேப்பிலை மட்டும் போதாது. வரப்பில் கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையும் வேண்டும். ஒரு களைச்செடியைப் பிடுங்கினால், அதை ஒருநாளும் தின்னாத பூச்சியின் கவசமும் கழன்றுவிடும்!

தாய் தரும் சீதனம்

உலர்ந்த காயைக் குலுக்கினால் ஒலிப்பதால் கிலுகிலுப்பை என்று ஒரு செடிக்குப் பெயர். அதிலும் நஞ்சு உண்டு. அமெரிக்காவில் இச்செடியின் இனத்தைத் தின்று வாழும் அழகிய அந்துப்பூச்சி ஒன்று இருக்கிறது. அதைத் தாமஸ் ஐஸ்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சிலந்தி வலையில் எது விழுந்தாலும் சிலந்தி ஓடிவந்து நூலால் சுற்றும் என்பதை அறிவோம். இந்த அந்துப்பூச்சி விழுந்தால் நடப்பது வேறு. சிலந்தி வருகிறது, தொட்டுப் பார்க்கிறது, பிறகு தன் வலையின் நூலைத் தானே அறுத்துப் பூச்சியை விடுதலை செய்கிறது!

அதனினும் வியப்பு ஒன்று உண்டு. தந்தைப் பூச்சி தன் நஞ்சில் ஒரு பங்கைத் தாய்க்குக் கொடுக்கிறது. தாய், தன் பங்கையும் சேர்த்து முட்டைகளுக்குள் வைத்துவிடுகிறது. அதனால் முட்டைகளையும் எதிரிகள் விட்டுவிடுகின்றன. தாய்ப் பூச்சி தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆயினும் பாதுகாப்பைச் சீதனமாகத் தந்துவிட்டே போகிறது. இதைப் படித்த அன்று, வீட்டிலிருந்து எங்களை விடுதிக்கு அனுப்பும்போது எங்கள் அம்மாமார் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய ஊறுகாய்ப் புட்டியும் மருந்துத் தைலமும் எங்களுக்கு நினைவு வந்தன.

தனியாகவும் கூட்டமாகவும்

செடியின் உதவி இன்றித் தம் ஆயுதத்தைத் தாமே செய்துகொள்ளும் பூச்சிகளும் உண்டு. குண்டெறி வண்டு என்று சொல்லத்தக்க ஒரு வண்டு, தன் வயிற்றுக்குள் இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆபத்து வந்ததும் அவற்றை மற்றோர் அறைக்குள் செலுத்துகிறது. அங்கே நொதிகள் சேர்ந்ததும் அவை கொதிக்கின்றன. சுமார் 100 டிகிரி வெப்பத்தில், சிறு வெடியோசையோடு எதிரியின்மேல் பீச்சுகிறது. தன் வயிறு வேகாமல் எதிரியை மட்டும் சுடும் இந்தச் சிறு பீரங்கியைக் கண்டு அறிஞர்களே வியக்கின்றனர்.

தேனீக்களின் வழி வேறு. உயர்ந்த கட்டடங்களிலும் பாறைகளிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீக்கள், குளவி நெருங்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றை உயர்த்துகின்றன. அடைமுழுதும் அலை ஓடுவது போல் தோன்றும். அதைக் கண்டு குளவி ஒதுங்குகிறது. யாரும் கொட்டவில்லை, யாரும் சாகவில்லை. அதற்கும் மிஞ்சினால்தான் கொடுக்கு. மனிதரையோ விலங்கையோ கொட்டிய வேலைக்காரத் தேனீயின் கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ள, அது தன் உயிரையே இழக்கிறது. கூட்டுக்காக உயிர் கொடுக்கும் அந்தச் சிறு உயிர் பெண் என்பதை நாங்கள் பெருமையோடு குறித்துக்கொண்டோம்.

கவசத்தில் ஓர் ஓட்டை

இத்தனை ஆயுதம் இருந்தால் பூச்சிகள் உலகையே நிறைத்துவிடாவா? இல்லை. ஒவ்வொரு கவசத்துக்கும் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. பறவைகள் பல அஞ்சும் கம்பளிப்பூச்சியைக் குயில் இனப் பறவைகள் விரும்பித் தின்கின்றன. மெக்சிகோ நாட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் மொனார்க்குகளைத் தின்னப் பழகிய பறவைகள் அங்கே உண்டு. முட்டைக்குள் தம் முட்டையை இட்டுவிடும் மிகச் சிறிய குளவிகளும் உண்டு. எங்கள் கன்றிலும் ஒரு முட்டை வெளிறாமல் கறுத்துப் போயிற்று. அதிலிருந்து புழு வரவே இல்லை. ஒரு நாள் காலை, தையல்சிட்டு ஒன்று வந்து பச்சைப் புழுவைக் கொத்திக்கொண்டு போனதை நாங்களே பார்த்தோம். எங்களுள் ஒருத்தி அழுதுவிட்டாள். ஆனால் சிட்டுக்கும் கூட்டில் குஞ்சுகள் இருக்கும் அல்லவா? சனிக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தபோது, பதினொரு புழுக்களில் நான்குதான் எஞ்சியிருந்தன. எந்த மருந்தும் அடிக்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. எச்சம் போன்ற தோற்றம், பொய்க் கண், நாற்றம், சிவப்புப் பொட்டு எல்லாம் ஏதோ ஓர் எதிரியின் கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் சொல்லப்பட்ட மொழி. "நான் உணவன்று", "என்னைத் தொடாதே", "ஒரு முறை பட்டது நினைவிருக்கிறதா?" என்று பூச்சி பேசுகிறது, பறவை கேட்கிறது. சில வேளை பூச்சி வெல்கிறது. சில வேளை பறவை வெல்கிறது. இரண்டும் வாழ்கின்றன. ஆனால் நாம் தெளிக்கும் நஞ்சுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, நாவும் இல்லை. அது எச்சரிக்கையைக் கேட்காது. புழுவைக் கொல்லும்போதே அதைக் கட்டுக்குள் வைத்திருந்த குளவியையும் கொல்லும். அதைத் தின்ற சிட்டையும் வருத்தும். அந்த நஞ்சுக்கு நாம் இட்டிருக்கும் பெயர் மருந்து!

சனிக்கிழமை

சொன்னபடி சனிக்கிழமை மாலை சிஸ்டர் வந்தார்கள். கையில் கரண்டியோடுதான் வந்தார்கள். நாங்கள் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினோம். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. ஆனால் கன்று சிறிது. நான்கு புழு சேர்ந்தால் ஒரே வாரத்தில் மொட்டையாகிவிடும். இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். எனக்கும் இலை வேண்டுமே?" என்றார்கள். அதற்கு எங்களிடம் விடை இல்லை. புழுவின் பக்கம் நின்றே எண்ணிக்கொண்டிருந்த நாங்கள், கன்றின் பக்கத்தையும் சமையல்காரரின் பக்கத்தையும் எண்ணிப் பார்க்கவில்லை.

தாத்தாதான் வழி சொன்னார். கிணற்றடியில் ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்த பெரிய கறிவேப்பிலை மரம் இருக்கிறது. நான்கு புழுக்கள் தின்றால் அதற்கு ஒன்றும் குறையாது. புழு இருந்த காம்புகளை மெல்லக் கிள்ளி அந்த மரத்தில் கொண்டுபோய் வைத்தோம். தெளிப்பானைத் தாத்தா கொட்டகையில் தொங்கவிட்டார். புனித பிரான்சிஸ் அசிசியார் வழியில் நெளியும் புழுவை யாரும் மிதித்துவிடாதபடி எடுத்து ஓரமாக வைப்பார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. சிஸ்டர் அதை நினைவூட்டி, "அவரும் புழுவைக் கொல்லவில்லை, வழியையும் மூடவில்லை. புழுவுக்கு வேறு இடம் காட்டினார். அவ்வளவுதான்" என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து, கிணற்றடிச் சுவரில் பழுப்பாகத் தொங்கிய கூடு ஒன்று காலை செபம் முடிந்த நேரத்தில் வெடித்தது. கசங்கிய துணிபோல் வெளிவந்த சிறகுகள் மெல்ல விரிந்தன. கறுப்பில் சிவப்புப் பொட்டு, நடுவில் வெள்ளை. "ரோஜா அழகி!" என்று கூவினாள் கீழ் வகுப்புத் தங்கை ஒருத்தி. சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லையம்மா, உடம்பைப் பார். கறுப்பு. இவள் நம் கறிவேப்பிலை தின்ற இரவல்காரி" என்றார்கள். எங்கள் அனைவரையும்விட முதலில் அடையாளம் கண்டவர் அவர்கள்தான்!

தோழியரே, உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் இலை ஓட்டையாக இருந்தால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே எச்சம்போல் ஒன்று கிடக்கலாம். ஒரு புல்லால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அது உங்களிடம் ஏதேனும் சொல்லும். வேலியோரத்து ஆடுதீண்டாப்பாளையைப் பிடுங்குமுன்பும் ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். வலிமை அற்றவற்றுக்கும் வாழ வழி வைத்துப் படைத்திருக்கிறார் ஆண்டவர். அந்த வழியை அடைக்காமல் இருப்பதே வலிமை உள்ள நாம் செய்யக்கூடியது.